கை வழியே போன பேச்சு

பிறர் பேசுவதற்கு வழிவிட்டுக்கொண்டிருப்பதையே உத்தியோகமாகக் கொண்டு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். காவிரிக் கரையில் உள்ள ஒரு நடுத்தர ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 1970-களின் நடுவில் ஆபரேட்டராகச் சேர்ந்து, டிரங்க் போர்டு ஓய்ந்து, இயந்திரங்கள் வந்து, அந்த இயந்திரங்களும் மாறிய பிறகு, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். வீட்டுக்குக் கணினி வந்ததும், பின்னர் ஆளுக்கொரு கைப்பேசி வந்ததும் அந்த உத்தியோக காலத்துக்குள்ளும் அதை ஒட்டியுமே நடந்தேறியபடியால், இணையத்தில் அந்தரங்கம் என்று இன்று எல்லோரும் பிரஸ்தாபிக்கும் விஷயத்தை, டிரங்க் போர்டின் முன்னால் உட்கார்ந்து பழகிய மனத்தோடு அல்லாமல் வேறு விதமாக எண்ணிப் பார்க்க எனக்கு இயலுவதில்லை.

அந்தப் போர்டைப் பார்த்திராதவர்களுக்கு அதைச் சற்று விவரித்தாக வேண்டும். ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மரச்சட்டம். அதில் வரிசை வரிசையாகத் துளைகள். துளைக்குத் துளை ஒரு சிறு விளக்கு. கீழே மேசைப் பலகையில் ஜோடி ஜோடியாக, பித்தளை முனை வைத்த கயிறுகள். ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் விரலால் தள்ளக்கூடிய ஒரு கீ. விளக்கு எரிந்தால் ஒரு முனையை அந்தத் துளையில் செருகி, கீயை நம் பக்கம் இழுத்து, ‘டிரங்க்ஸ்’ என்று குரல் கொடுக்க வேண்டும். கேட்ட ஊர் கிடைத்ததும் மறு முனையை அந்த ஊர் லைனில் செருகி, கீயை எதிர்ப்பக்கம் தள்ளி மணியடிக்க வேண்டும். இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்த மாத்திரத்தில் அதை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கீ நடுவில் நின்றால் அவர்கள் இருவரும் தனியே இருக்கிறார்கள். ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் மூன்றாவதாக நாமும் அங்கே இருக்கிறோம். இந்த வித்தியாசம் பேசுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதைக் காப்பது முழுக்க முழுக்க ஆபரேட்டரின் விரலைப் பொறுத்த காரியமாக இருந்தது.

எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த ஆபரேட்டரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். அதிகம் பேசாதவர், கண்டிப்பு மிகுந்தவர். போர்டில் உட்கார வைத்த முதல் நாளே, என் பின்னால் நின்றுகொண்டு, “பேச்சு ஆரம்பிச்சிடுச்சான்னு மட்டும் கேளு. ஆரம்பிச்சதும் கீயை எடுத்துடு. அதுக்கு மேல காதுல விழுந்தா, அது உனக்குச் சொன்னதில்லே” என்றார். காதில் விழுவதைத் தடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். மழைக்காலத்தில் லைன் கரகரத்துப்போனால், ஒரு முனையில் உள்ளவர் சொல்வதை மறுமுனையில் உள்ளவருக்கு நாமே இடையில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். பிறப்பு, இறப்பு, கடன், கோர்ட்டு வாய்தா, ஆஸ்பத்திரிச் செய்தி எல்லாம் அவ்வாறு எங்கள் வாய் வழியாகவே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அப்படி ஒரு மழை இரவில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்த ஒரு பெரியவர், தம் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அர்ஜெண்ட் கால் போட்டிருந்தார். ஆர்டினரி காலுக்கு இரண்டு மடங்குக் கட்டணம் அது. லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. “என்னம்மா சொல்றாங்க, என்னம்மா சொல்றாங்க” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்க, “இந்த இடம் சரிப்பட்டு வராதுன்னு சொல்றாங்க சார்” என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் சாயங்காலம் பெருமாள் கோயில் பிராகாரத்தில் அவருடைய மனைவி என்னைக் கண்டு நின்று, கோயம்புத்தூரிலிருந்து நல்ல பதில் வருமென்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பதாகச் சந்தோஷத்தோடு சொன்னார். வீட்டில் பெரியவர் இன்னும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. எப்போது, எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு உரியது. அந்த வார்த்தையை முதலில் கேட்டவள் என்பதனாலோ, ஏன், என் வாயாலேயே சொன்னவள் என்பதனாலோ அது எனக்கு வந்துவிடாது. “நல்லபடியா முடியட்டும் மாமி” என்று சொல்லிவிட்டுத் தாயார் சன்னிதிப் பக்கம் நடந்தேன்.

இந்த மௌனத்துக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி இலாகா ஊழியர் ஒருவர் தம் வழியே போகும் செய்தியை அதிகாரமின்றிப் பிறருக்கு வெளியிட்டால் மூன்றாண்டு வரையில் சிறைத் தண்டனை என்று விதித்திருந்தது. எங்கள் காலம் முழுவதும் அதுவே நடைமுறையில் இருந்தது. ஒட்டுக்கேட்பதைப் பற்றிய வழக்கொன்றில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்து தொலைபேசியில் பேசுவது அவருடைய அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தபோது, எங்கள் ஓய்வறையில் சில நாள் அதே பேச்சாக இருந்தது. ஆனால் ஒன்றை நான் உறுதியாகச் சொல்வேன்: அத்தனை வருஷ காலத்தில் கீயை நடுநிலைக்குக் கொண்டுவந்த எந்த விரலும் தண்டனையை நினைத்து அதைச் செய்யவில்லை. அக்கா சொல்லிக் கொடுத்தார், கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பேச்சு காற்றோடு போய்விடும், டிக்கெட் தங்கும். ஒவ்வொரு டிரங்க் காலுக்கும் உள்ளங்கை அளவில் ஒரு தாள் உண்டு. கூப்பிட்டவர் எண், கூப்பிடப்பட்ட ஊரும் எண்ணும், ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், ஆர்டினரியா அர்ஜெண்டா என்ற விவரம் எல்லாம் அதில் பென்சிலால் குறித்து, ஷிப்ட் முடியும்போது கட்டாகக் கட்டிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுவோம். என்ன பேசினார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. ஆனாலும் ஒரு மாதத்து டிக்கெட்டுகளை ஒருவர் உட்கார்ந்து அடுக்கிப் பார்த்தால், எந்த வியாபாரி எந்த ஊரில் கடன் கேட்டு அலைகிறார், எந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கிறார், எந்த வாலிபன் எந்த ஹாஸ்டலுக்கு எந்த நேரத்தில் பேசுகிறான் என்று ஊரையே சொல்லிவிடலாம். ஒருவரும் அப்படி அடுக்கிப் பார்க்கவில்லை. அதற்கு அவகாசமும் இல்லை. பில் போவதற்காகப் பிறந்த தாள், பில் போய், பணம் வந்து, வைத்திருக்க வேண்டிய கெடுவும் முடிந்தபின் அழிந்தது. ஒரு குறிப்பு எந்தக் காரியத்துக்காக எழுதப்பட்டதோ அந்தக் காரியத்தோடு அது முடிந்துபோக வேண்டும் என்ற நியாயத்தை, அதற்கு ஒரு பெயர் உண்டென்று அறியாமலே, நாங்கள் அனுஷ்டித்துக்கொண்டிருந்தோம்.

ஆபரேட்டர்களின் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்ததென்று சொல்லிவிட முடியாது. தானியங்கி எக்ஸ்சேஞ்சே ஒருவகையில் அவநம்பிக்கையில் பிறந்ததுதான். அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை உள்ளூர் ஆபரேட்டர் தம் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகித்து, மனிதக் கை நடுவில் வராமலே இணைப்புத் தரும் இயந்திரத்தைத் திட்டமிட்டார் என்று எங்கள் துறையில் வழிவழியாகச் சொல்வார்கள். அவருக்கு 1891-இல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே இண்டியானா மாகாணத்தில் லா போர்ட் என்ற ஊரில் அத்தகைய நிலையம் திறக்கப்பட்டது. அவர் பெயர் கொண்ட இயந்திரங்கள் இந்த நாட்டிலும் பல்லாண்டு காலம் ஓடின. அவற்றைக் குறித்து நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு மீட்டர். அழைக்க அழைக்க அதில் எண் ஏறும். குறித்த நாளில் அந்த மீட்டர்களைப் புகைப்படம் எடுத்துக் கணக்கிடுவார்கள். எத்தனை என்பது அதற்குத் தெரியும். யாருக்கு என்பது தெரியாது. எஸ்.டி.டி. பேச்சுகூட அந்த மீட்டரில் வேகமாக ஓடும் எண்ணிக்கையாகவே பதிந்தது. எண்ணத் தெரிந்து, அடையாளம் தெரியாத இயந்திரம் அது.

அதனால் தகராறுகளும் வந்தன. “நான் பேசவே இல்லை, இவ்வளவு பில் எப்படி வரும்?” என்று கேட்டு வருகிறவருக்குக் காட்டுவதற்கு எங்களிடம் ஓர் எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்து, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் இன்ன எண்ணோடு இத்தனை நிமிஷம் என்று வரிவரியாக அச்சிட்டுக் கொடுத்தபோது, ஊரார் மகிழ்ந்தார்கள். அது நியாயமான மகிழ்ச்சிதான். அந்த அச்சுத்தாளை முதன்முதலில் பார்க்க, அப்போது ஓய்வு பெற்றிருந்த அக்காவும் ஒரு நாள் வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழ் வரை மெல்லப் படித்துவிட்டு, “இதைக் கிழிச்சுப் போடறது யாரு?” என்று கேட்டார். கெடு முடிந்ததும் அழியும் என்று நான் விதியைச் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்று முதல் புதிய இயந்திரம் எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்டுப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 1999-இல். பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மகன், சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகங்களாக வாங்கிவந்து பூட்டியது. கூடத்தில், டெலிபோன் இருந்த மூலையிலேயே அதற்கும் இடம் கொடுத்தோம்; தூசி படாமலிருக்க என் மாமியார் பழைய நூல் புடவையில் உறை தைத்துக் கொடுத்தார். வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி அது ஆரம்பமாயிற்று. மோடம் டயல் செய்து எழுப்பும் கூச்சலை வீட்டில் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சகித்தார்கள். எனக்கோ அது பரிச்சயமான பாஷை. எதிர்முனை எடுத்ததும் முதலில் எழும் நீண்ட ஒற்றைச் சுருதி 2100 ஹெர்ட்ஸ். வழியில் எதிரொலியை அடக்கும் சாதனங்கள் இருந்தால் அவற்றை ஒதுங்கி நிற்கச் சொல்லும் ஸ்வரம் அது. அதன்பின் வரும் கரகரப்பெல்லாம் இரண்டு மோடங்களும் எந்த வேகத்தில் பேசுவது என்று தங்களுக்குள் உடன்படும் சம்பாஷணை. ஆபரேட்டர் இல்லாத டிரங்க் கால் என்று எனக்குத் தோன்றியது. நடுவில் யாரும் இல்லை என்ற எண்ணம் சரியன்று என்பது பின்னால்தான் விளங்கிற்று.

அந்தக் கணினி குடும்பம் முழுவதற்கும் பொது. மின்னஞ்சல் முகவரியும் ஒன்றே. கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். தபாலில் வந்த கார்டைக் கூடத்தில் நின்று உரக்கப் படிப்பது எங்கள் வீட்டு வழக்கமானபடியால், மின்னஞ்சலையும் என் கணவர் அவ்வாறே உரக்கப் படித்தார். பள்ளி ஆசிரியர், குரல் வளம் உள்ளவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அவளுடைய தோழி எழுதிய கடிதம் அந்தப் பொது முகவரிக்கு வந்திருந்தது. அவர் முதல் இரண்டு வரியைப் படிக்கும்போதே அதில் அந்தத் தோழியின் குடும்பத் துயரம் ஒன்று தலைகாட்டியது. “நிறுத்துங்க. அது நமக்கு வந்ததில்லே” என்றேன். அவர் வியப்போடு திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே அதை மூடிவிட்டார். அன்று சாயங்காலமே மகனை உட்கார வைத்து ஆளுக்கொரு முகவரி உண்டாக்கச் செய்தேன். என் மாமியாருக்கும் ஒன்று. எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிக்கும் அவருக்கு எதற்கு என்று மற்றவர்கள் கேட்டார்கள். பம்பாயில் இருந்த அவருடைய தங்கை மகன் மாதம் ஒருமுறை அவருக்கென்று எழுதத் தொடங்கியதும் அந்தக் கேள்வி ஓய்ந்தது. கடிதத்தை அவர் என்னை விட்டுத்தான் படிக்கச் சொல்வார்; ஆனால் எப்போது படிப்பது, யார் இருக்கும்போது படிப்பது என்பதை அவரே நிச்சயிப்பார்.

ஒருவர் கணினியில் இருக்கும்போது மற்றவர் பின்னால் நின்று பார்ப்பதில்லை என்பதும் அந்த வீட்டில் சொல்லாமலே ஏற்பட்டுவிட்ட வழக்கம். ஆனால் யாரும் பின்னால் நிற்காதபோதும் அந்த இயந்திரம் தானே எழுதி வைத்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் கடைசியாகத் திறந்த 15 கோப்புகளின் பெயர் வரும். உலாவியில் பார்த்த பக்கங்களின் பட்டியல் 20 நாள் வரை அப்படியே நிற்கும். இவை வீட்டுக்குள் இருந்த டிக்கெட்டுகள். வீட்டுக்கு வெளியேயும் ஒன்று இருந்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி 1994-இல் குக்கி என்ற ஒன்றை உண்டாக்கினார். இணையக் கடையில் ஒருவர் எடுத்து வைத்த சாமான்களை, அவர் அடுத்த பக்கத்துக்குப் போனதும் கடை மறந்துவிடாமலிருக்க, ஒரு சிறு அடையாளச் சீட்டை அவருடைய கணினியிலேயே வைத்துவிட்டு, அவர் மறுபடி வரும்போது அதைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கெட்ட எண்ணத்தில் செய்ததன்று. ஒரு கடையின் சீட்டை மற்றொரு கடை படிக்க முடியாதபடிதான் அமைத்திருந்தார். ஆயினும் நூறு கடைகளின் பக்கத்திலும் ஒரே விளம்பரக்காரர் தம் பலகையை மாட்டிவிட்டால், அந்தப் பலகையின் வழியே நூறு இடத்திலும் அவர் தம்முடைய சீட்டைத் தாமே படித்துக்கொள்ளலாம் அல்லவா? அப்படித்தான் ஆயிற்று. எங்கள் டிக்கெட்டுகளை அடுக்கிப் பார்க்க ஆள் இல்லை என்று முன்பே சொன்னேன். இங்கே அடுக்கிப் பார்ப்பதே தொழிலாக ஒரு கூட்டம் ஏற்பட்டுவிட்டது.

கடவுச்சொல்லைப் பற்றி நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. எம்.ஐ.டி.யில் 1960-களின் ஆரம்பத்தில் பலர் சேர்ந்து உபயோகித்த கணினியில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர் அதைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஒரு கோளாறினால், எல்லோருடைய கடவுச்சொற்களும் அன்றைய அறிவிப்பாக எல்லோர் முனையத்திலும் அச்சாகிவிட்டன. ஆகையால் ஒரே சொல்லைப் பல இடங்களில் வைத்துக்கொள்வது ஆபத்து. மாதாமாதம் மாற்றச் சொல்லி நிர்ப்பந்திக்கும் பழைய யோசனையை அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 2017-இல் கைவிட்டுவிட்டது. நான் நீளமானவையாக, இடத்துக்கு ஒன்றாக, ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். எங்கோ தூரதேசத்தில் இருக்கும் திருடன் என் பீரோவைத் திறக்கப் போவதில்லை.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு விஷயத்துக்காக. அந்தரங்கம் என்றதும் ஒவ்வொருவரும் தம்முடைய ரகசியத்தையே நினைக்கிறார்கள். ‘என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது’ என்று சொல்லிக் கையை விரித்துவிடுகிறார்கள். எக்ஸ்சேஞ்சில் நான் காத்தது ஒருநாளும் என்னுடைய ரகசியத்தை அன்று. இன்றைய கைப்பேசியைத் திறந்து பாருங்கள்: அதில் உள்ள பெயர்ப் பட்டியலில் நம்முடையது ஒன்று, மற்றவை எல்லாம் பிறருடையவை. டாக்டரின் சொந்த எண், விவாகரத்து வழக்கு நடத்தும் உறவுக்காரப் பெண் ஊர் மாறியபின் கொடுத்த புது எண், பால்காரர் எண், ‘வட்டி’ என்று பின்னொட்டுச் சேர்த்து எழுதிய ஓர் எண். டார்ச் விளக்குக்காக இறக்கிய ஒரு செயலி அந்தப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கிறது. அவசரத்தில் ‘சரி’ என்ற இடத்தை விரல் தொட்டுவிடுகிறது. அந்தக் கணத்தில் இத்தனை பேருடைய இணைப்பிலும் கீ நடுநிலையிலிருந்து நகர்ந்துவிடுகிறது. அவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. முன்பு ஊருக்குப் பத்துப் பேர் ஆபரேட்டர்களாக இருந்தோம், எங்களுக்கு ஓர் அக்கா இருந்தார். இன்று வீட்டுக்கு வீடு எல்லோரும் ஆபரேட்டர்கள். பின்னால் நின்று சொல்லிக் கொடுக்கத்தான் யாரும் இல்லை.

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் இது நாள்தோறும் பிரத்தியட்சம். 2016 ஏப்ரல் முதல் அதில் செல்லும் செய்திகள் எல்லாம் அனுப்பியவருக்கும் பெறுகிறவருக்கும் தவிர மூன்றாமவருக்கு விளங்காத சங்கேத வடிவில் செல்கின்றன; இது மிகப் பெரிய நன்மை; நாங்கள் விரலால் செய்ததைக் கணிதத்தால் செய்துவிட்டார்கள். யார் யாரோடு, எந்த நேரத்தில் என்ற டிக்கெட்டை அந்தப் பூட்டு மறைப்பதில்லை. ஆனாலும் பேச்சை மறைக்கிறது. பெறுகிறவரே அதை எடுத்து இன்னொரு குழுவுக்கு அனுப்பினால் கணிதம் என்ன செய்யும்? என் நாத்தனார் மகளுக்கு ஸ்கேன் எடுத்த அறிக்கை, ‘எல்லாரும் வேண்டிக்கோங்க’ என்ற நல்ல மனத்தோடு ஒருவரால் அனுப்பப்பட்டு, அவள் புருஷன் வீட்டாருக்கு அவள் சொல்லுமுன்னே போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் அன்பானவர். அன்பு இருந்தும் இது நடக்கிறதென்பதுதான் எனக்கு வருத்தம்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல், தம் 86-ஆம் வயதில், உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வயதில் அப்படி ஒரு காரியத்தை மேற்கொண்டவரை நான் மனத்தால் வணங்குகிறேன். அதன் தொடர்ச்சியாக 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. எந்தக் காரியத்துக்காக விவரம் வாங்கினார்களோ அந்தக் காரியம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அழித்துவிட வேண்டும் என்று அதில் கண்டபோது, அக்காவின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டதென்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரசாங்கத்தின் அமைப்புகளுக்கு அதில் கொடுத்திருக்கும் விலக்கு மிக விசாலமானது என்பது என் அபிப்பிராயம். கெடு என்பது எல்லோருக்கும் கெடுவாக இருக்க வேண்டும். ஆனால் மற்றொரு விலக்கு உண்டு: தனி மனிதர் தம் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ பிறர் விவரத்தைக் கையாண்டால் அந்தச் சட்டம் அங்கே வராது. அது சரியான ஏற்பாடு. அடுப்பங்கரைக்குள் சட்டம் வரக்கூடாது. ஆகவே அந்த இடத்தை நம்முடைய பழக்கத்தைத் தவிர வேறெதுவும் காக்கப் போவதில்லை.

பழைய கணினியைப் பழைய சாமான் கடைக்குப் போடும் சமயம் வந்தபோது, வட்டை மட்டும் தனியே கழற்றச் சொல்லி, கண்ணெதிரே துளை போட வைத்தேன். ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து போகிறது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரையில் எழுத்து அங்கேயே கிடக்கிறது. எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்த சிம்சன் கார்பிங்கலும் அபி ஷெலட்டும் 158 பழைய வட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள்: வேலை செய்த 129-இல் 12 மட்டுமே ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் 5000-க்கு மேற்பட்ட கடன் அட்டை எண்கள், வைத்தியக் குறிப்புகள், காதல் கடிதங்கள். வட்டை விற்றவர் ஒருவர். அதில் இருந்தவர்களோ எத்தனையோ பேர்.

இதையெல்லாம் எங்கள் கடைத்தெருவிலுள்ள ஜெராக்ஸ் கடைக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் நினைப்பேன். இப்போது யாரும் காகிதம் கொண்டுவருவதில்லை. ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பத்திரம் எல்லாவற்றையும் கடைக்காரத் தம்பியின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “அண்ணே, ரெண்டு காப்பி” என்கிறார்கள். அவருடைய கணினியின் முகப்பில் திரைச்சித்திரமே தெரியாத அளவுக்குப் பிறருடைய ஆவணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த பிரதி கிடைக்கும் என்பதை நான் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். இப்போது கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கவும் செய்கிறார்.

கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் அவரிடம் நிதானமாகப் பேசினேன். “பிரிண்ட் எடுத்ததும் அழிச்சிடலாமே தம்பி?” என்றேன். அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. “நேத்து எடுத்தோமே, இன்னொரு காப்பி வேணும்னு மறுநாள் வந்து நிப்பாங்கம்மா. திரும்பவும் அனுப்பச் சொன்னா, பேரன்தான் அனுப்பினான், எனக்குத் தெரியாதும்பாங்க. பாதிப் பேரு வயசானவங்க.” அப்படியானால் எத்தனை நாள் கெடு வைக்கலாம் என்று இருவரும் யோசித்தோம். மறுநாள் வருகிறவர்களுக்காக ஒரு நாள். இ-சேவை மையத்தில் திருப்பியனுப்பிவிட்டார்கள் என்று வருகிறவர்களுக்காக இன்னும் இரண்டு நாள். ஞாயிறு கடை இல்லை. ஆக, வாராவாரம் சனிக்கிழமை இரவு கடை அடைக்குமுன் எல்லாவற்றையும் நீக்குவது, குப்பைத் தொட்டியையும் காலி செய்வது என்று முடிவாயிற்று. அவரே ஓர் அட்டையில் அதை எழுதி, விலைப்பட்டியலுக்குக் கீழே ஒட்டினார். ஒட்டிவிட்டு ஏதோ ஞாபகம் வந்தவர்போல் தம் கைப்பேசியை எடுத்து, அதில் வந்து குவிந்திருந்த செய்திகளை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார்.

“ஏம்மா, இதுல இருக்கறதையும் அழிக்கணுமா?”

“அதையும்தான் தம்பி.”